ராயபுரம் ஸ்டேஷன்: இடிக்கும் அதிகாரம் யாருக்கு?

ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனை வெளியூர் வண்டிகள் புறப்படும் பெரிய முனையமாக்க வேண்டும் என்பது வடசென்னை வாசிகளின் நெடுநாளைய கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பேச்சு கிளம்பும்போதெல்லாம் அதை ஒட்டியே மற்றொரு கேள்வியும் கிளம்புகிறது. 1856-ம் வருஷம் திறக்கப்பட்டு இன்றும் நின்றுகொண்டிருக்கும் பழைய கட்டடத்தை என்ன செய்வது என்பதே அக்கேள்வி. பழைய சுவர்களுக்காகப் பிரயாணிகளின் சௌகரியத்தைப் பலி கொடுப்பதா என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். சரித்திரச் சின்னத்தின் அருகில் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்று மற்றொரு சாரார் சொல்லுகிறார்கள். இரு கட்சியாருடைய வாதங்களையும் சீர்தூக்கிப் பார்த்த பின்னர், கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும், முனையத்தையும் கட்ட வேண்டும் என்ற முடிவுக்கே நாம் வந்திருக்கிறோம். அதற்கான காரணங்களைக் கூறுவதோடு, இத்தகைய விஷயங்களில் முடிவு செய்யும் அதிகாரம் இன்று யாரிடம் இருக்கிறது, யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

முதலில் கட்டடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். இந்தியாவில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வண்டி 1853-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 16-ந் தேதி பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடிற்று. மறு வருஷம் கல்கத்தாவின் எதிர்க்கரையிலுள்ள ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி விட்டார்கள். மூன்றாவதாக வந்தது சென்னையின் முறை. 1856-ம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் சென்னைக் கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்துவைத்தார். ஜூலை மாதம் 1-ந் தேதி முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரையில், சுமார் 100 கிலோமீட்டர் தூரம், பொதுஜனங்கள் பிரயாணம் செய்யலாயினர். பிரயாணிகளுக்காகத் தென்னாட்டில் ஏற்பட்ட முதல் இருப்புப்பாதை அதுவே. ஆறு வருஷத்துக்குள், அதாவது 1862-ல், அந்தப் பாதை மேல்கரையிலுள்ள பேப்பூரை எட்டிவிட்டது. கீழ்க்கடலையும் மேல்கடலையும் இணைத்த அப்பாதைக்குத் தலைவாசல் ராயபுரம்.

1873-ல் சென்ட்ரல் ஸ்டேஷனும், 1908-ல் எழும்பூர் ஸ்டேஷனும் ஏற்பட்டன. வண்டிகளும் கூட்டமும் ராயபுரத்தை விட்டு அவ்விடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 1922 வரையில் ரயில்வேயின் தலைமை அலுவலகமாவது ராயபுரத்தில் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. புறநகர் வண்டிகள் நின்று செல்லும் சாதாரண நிலையமாக அது சுருங்கியது. உயர்ந்த தூண்களும் விசாலமான கூடமும் கொண்ட பழைய கட்டடம் பல காலம் கேட்பாரற்றுக் கிடந்து, 2005-ல் செப்பனிடப்பட்டது. இவ்வளவு அலட்சியத்துக்குப் பின்னும் அது நிற்பதே வியப்பு. ஏனெனில், பம்பாயின் முதல் ஸ்டேஷன் இன்று இல்லை. ஹௌராவின் முதல் ஸ்டேஷனும் இல்லை. இந்நாட்டில் ரயில் முதன்முதல் புறப்பட்ட மூன்று இடங்களில், அக்காலத்துக் கட்டடம் எஞ்சியிருப்பது ராயபுரம் ஒன்றில்தான்.

இனி ஆட்சேபணைகளைக் கவனிப்போம். வெள்ளைக்காரன் தன் வியாபாரத்துக்காகக் கட்டிய கட்டடத்தை நாம் ஏன் போற்ற வேண்டும் என்று தேசாபிமானிகள் சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. ரயில் பாதைகள் இந்தியர்களின் நன்மையை முதன்மையாகக் கருதிப் போடப்பட்டவை அல்ல. உள்நாட்டுப் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவும், மான்செஸ்டர் துணியை உள்நாட்டுக்குக் கொண்டுவரவும், பட்டாளத்தை விரைவில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பவும் அவை உதவின. இதில் மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ரயிலுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். லண்டனில் அமைக்கப்பட்ட மதராஸ் ரயில்வே கம்பெனி, அக்காலத்திய மற்ற ரயில்வே கம்பெனிகளைப் போலவே, உத்தரவாத முறையில் நடந்தது. கம்பெனியின் மூலதனத்துக்குச் சுமார் 5 சதவிகித வட்டி கிடைக்கும் என்று சர்க்கார் உறுதி கொடுத்தனர். பாதைக்கு வேண்டிய நிலத்தையும் இலவசமாகக் கொடுத்தனர். வரும்படி போதாத வருஷங்களில் குறைந்த தொகை இந்திய வருமானத்திலிருந்து கட்டப்பட்டது. அந்த வருமானம் எங்கிருந்து வந்தது? செங்கற்பட்டிலும் வடஆற்காட்டிலும் நிலவரி செலுத்திய குடியானவனிடமிருந்தும், உப்புக்கு வரி கொடுத்த கூலிக்காரனிடமிருந்தும் வந்தது. தாதாபாய் நவுரோஜியும் ரமேச சந்திர தத்தரும் இந்த ஏற்பாட்டை வன்மையாகக் கண்டித்தது நமது வாசகர்கள் அறிந்ததே. கடைசியில் 1907-ல் அந்தக் கம்பெனியின் பாதையைச் சர்க்கார் விலை கொடுத்து வாங்கியபோதும் இந்தியாவின் பணமே போயிற்று. ஆகவே ராயபுரம் ஸ்டேஷனுக்கு நம் முன்னோர் ஒரு தடவையல்ல, இரண்டு தடவை விலை கொடுத்திருக்கிறார்கள். மண் சுமந்தவர்களும் செங்கல் அடுக்கியவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் இந்நாட்டவர்களே. இவ்வளவுக்கும் பிறகு, அக்கட்டடம் அந்நியனுடையது, அதை இடித்தால் நமக்கு நஷ்டமில்லை என்று சொல்லுவது, நமது சொத்தை நாமே மறுபடி அந்நியனுக்கு எழுதிக்கொடுப்பது போலாகும்.

மேலும், கட்டியவனை வைத்துக் கட்டடங்களைத் தள்ளுவதானால் நாம் எங்கே போய் நிற்பது? தமிழ்நாட்டுச் சட்டசபை கூடுவது புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளே. நமது உயர் நீதிமன்றம் நடப்பது 1892-ல் முடிந்த கட்டடத்தில். பம்பாயின் விக்டோரியா ஸ்டேஷனை மகாராஷ்டிரர்கள் இடிக்கவில்லை. 1996-ல் அதற்குச் சத்திரபதி சிவாஜியின் பெயரைச் சூட்டினார்கள். 2004-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது. அங்கே தினந்தோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் ஏறி இறங்குகிறார்கள். சுதந்திரமடைந்த ஜனங்கள் பழைய எஜமானனின் வீட்டைத் தங்கள் வீடாக்கிக்கொள்வதற்கு அது தகுந்த உதாரணம்.

இரண்டாவது ஆட்சேபணை இதைவிடப் பலமானது. சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம் ஆகிய முனையங்களில் ஒன்றாவது வடசென்னையில் இல்லை. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வசிக்கும் உழைப்பாளிகள், மூட்டை முடிச்சுகளையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு நகரத்தின் நெரிசலைக் கடந்து போய்த்தான் ஊர் வண்டியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இவர்களிடம் போய்த் தூண்களின் அழகைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் அவர்கள் கோபித்துக்கொள்வது இயற்கை. மகாத்மா காந்தி 1917-ல் மூன்றாம் வகுப்பு ரயில் பிரயாணத்தைப் பற்றி வெளியிட்ட பிரசுரத்தில், இந்நாட்டு ஏழைப் பிரயாணி படும் அவஸ்தையைப் பச்சையாக எடுத்துக் காட்டினார். எந்த ஸ்டேஷனையும் அந்தப் பிரயாணியின் கண் கொண்டே பார்க்க வேண்டும் என்பது நமது கொள்கை. உட்கார நிழல், குடிக்கச் சுத்தமான தண்ணீர், துர்நாற்றமில்லாத கழிப்பிடம், கிழவர்களும் நோயாளிகளும் ஏறி இறங்க வசதியான மேடை, இவைதாம் முதலில் வேண்டும். இவற்றுக்குப் பழைய கட்டடம் மெய்யாகவே இடைஞ்சலாக இருக்குமானால், அதைக் காப்பாற்றச் சொல்ல நமக்கும் மனம் வராது.

ஆனால் இடைஞ்சல் என்பது மெய்யா? பிளாட்பாரங்களுக்கும் தண்டவாளங்களுக்கும் வேண்டியது நீண்ட நிலம். ராயபுரத்தில் ரயில்வேக்கு அது பரந்து கிடக்கிறது. பழைய கட்டடமோ அதன் ஒரு மூலையில் சிறிது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் எழுந்த கொட்டகைகளையும் கிடங்குகளையும் அகற்றுவதில் நமக்கு ஆட்சேபணையே கிடையாது. பழையது என்ற ஒரே காரணத்துக்காகத் தகரக் கூரைகளையெல்லாம் பூஜை செய்யச் சொல்லும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்களல்ல. பழைய கட்டடத்தை முகப்பாகவும் பிரயாணிகள் தங்கும் கூடமாகவும் வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் புது முனையத்தை எழுப்பக் கூடாதா என்பதே கேள்வி.

கூடும் என்பதற்கு லண்டன் நகரமே சாட்சி. அங்கே யூஸ்டன் ஸ்டேஷனின் முன் நின்ற மாபெரும் கல் தோரணத்தைப் பலருடைய ஆட்சேபணைகளையும் புறக்கணித்து 1961-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அதற்கு அண்மையில் 1868-ல் திறக்கப்பட்ட செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனுக்கும் அதே கதி நேர இருந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலியோர் கிளர்ச்சி செய்ததன் பயனாக 1967-ல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று. நாற்பது வருஷங்களுக்குப் பின், 2007-ல், அதே பழைய ஸ்டேஷன் விஸ்தரிக்கப்பட்டுப் பாரிசுக்குச் செல்லும் அதிவேக வண்டிகளின் முனையமாயிற்று. யந்திர வேகத்தில் நமக்குப் பிற்படாத அந்நாட்டாருக்குப் பழைய கூரை இடைஞ்சலாக இல்லை.

அமெரிக்காவில் நடந்த கதை நமக்கு இன்னும் அதிகமாகப் பயன்படக் கூடியது. நியூயார்க் நகரில் 1910-ல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா ஸ்டேஷன் 84 பெருந்தூண்களோடு ரோமாபுரியின் மண்டபம் போல் விளங்கிற்று. நஷ்டத்தில் தத்தளித்த ரயில்வே கம்பெனி அந்த இடத்தின் உரிமையை விற்று, 1963-ல் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தது. தடுப்பதற்கு அந்நாளில் சட்டம் இல்லை. ஜனங்களின் ஆத்திரம் 1965-ல் நகரத்தின் சின்னங்களைக் காக்கும் சட்டமாக உருவெடுத்தது. அதன்படி 1967-ல் கிராண்ட் சென்ட்ரல் என்ற மற்றொரு பெரிய ஸ்டேஷன் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மறு வருஷமே ரயில்வே கம்பெனி அந்த ஸ்டேஷனின் தலைமேல் 50 மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடம் கட்ட அனுமதி கேட்டது. பாதுகாப்புக் கமிஷன் மறுத்தது. எங்கள் சொத்தை எங்கள் இஷ்டப்படி அனுபவிக்கும் உரிமையை நஷ்டஈடின்றிப் பறித்துவிட்டார்கள் என்று கம்பெனி வழக்காடியது. வழக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. 1978-ம் வருஷம் ஜூன் மாதம் ஆறு நீதிபதிகள் நகரத்தின் பக்கமும் மூவர் கம்பெனியின் பக்கமும் தீர்ப்புச் சொன்னார்கள். ஸ்டேஷன் பிழைத்தது. கம்பெனி தன் கையிலுள்ள ஸ்டேஷனை முன்போல நடத்தி நியாயமான வருமானம் பெறத் தடையில்லை. மேலே கட்டும் உரிமையைப் பக்கத்து நிலங்களுக்கு மாற்றிக்கொள்ளவும் வழியிருக்கிறது. ஆகவே சொத்து பறிபோகவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இங்கேதான் நமது நாட்டு நிலைமையைக் குறித்து வாசகர்கள் ஊன்றிச் சிந்திக்க வேண்டும். அமெரிக்க ஸ்டேஷன் தனிப்பட்ட முதலாளிகளின் உடைமை. ஆயினும் அவர்கள் ஒரு பொது ஸ்தாபனத்தின் முன் வந்து, திட்டத்தைக் காட்டி, காரணம் சொல்லி, அனுமதி பெற வேண்டியிருந்தது. நமது ராயபுரம் ஸ்டேஷன் பொதுஜனங்களின் உடைமை. ஆயினும் அதை மாற்றுவதற்கு ரயில்வே நிர்வாகம் பொதுஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற கட்டாயம் ரயில்வே சட்டத்தில் இல்லை. 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 11-வது பிரிவு, வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தபோதிலும், ரயில்வேக்கு வேண்டிய கட்டடங்களைக் கட்டவும், மாற்றவும், கைவிடவும், அவற்றுக்குப் பதிலாக வேறு கட்டவும் நிர்வாகத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. இது புதிதாக ஏற்பட்ட அதிகாரமும் அன்று. அந்நிய ஆட்சியில் 1890-ல் செய்யப்பட்ட ரயில்வே சட்டத்தில், கம்பெனிகளின் சௌகரியத்துக்காக எழுதப்பட்ட அதிகாரமே குடியரசின் சட்டத்திலும் குடியேறியிருக்கிறது. கட்டடத்தை அந்நியச் சின்னம் என்று வெறுப்பவர்கள், இந்த அதிகாரத்தையும் அந்நியச் சின்னமாகக் கருதி முதலில் அதை அகற்ற முன்வர வேண்டாமா?

புராதனச் சின்னங்களுக்கான 1958-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். நூறு வருஷத்துக்குக் குறையாத கட்டடத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென்று அச்சட்டப்படி மத்திய சர்க்கார் அறிவிக்க முடியும். ஆனால் 2010-ல் செய்த திருத்தத்தின்படி, அப்படி அறிவிக்கப்பட்ட கட்டடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதியோடுதான் எழுப்பலாம். பாழடைந்த கோட்டைக்கும் கோயிலுக்கும் இது பொருந்தும். வண்டிகள் ஓட வேண்டிய ஸ்டேஷனுக்கு இதைப் பொருத்தினால் வடசென்னையின் முனையம் கனவாகவே போய்விடும். ஆக, நிர்வாகம் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பது ஒரு சட்டம். யாரும் எதுவும் செய்யக் கூடாது என்பது மற்றொரு சட்டம். நடுவழி ஒன்று வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டசபை 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது அந்த நடுவழியை நாடித்தான். அச்சட்டம் அமலுக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேலாயிற்று. மத்திய சர்க்காரின் கையிலுள்ள ரயில்வேயை அது எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது வக்கீல்கள் வாதாடுவதற்குரிய விஷயமாகவே இருக்கிறது.

ரயில்வே அதிகாரிகளுக்குப் பழமையில் மதிப்பே கிடையாது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. 2005-ல் ராயபுரத்தைச் செப்பனிட்டவர்கள் அவர்களே. 2022-ம் வருஷம் மே மாதம் அஸ்திவாரமிடப்பட்ட எழும்பூர் ஸ்டேஷன் புதுப்பிப்புத் திட்டம் சுமார் 735 கோடி ரூபாய் மதிப்புடையது. பெங்களூர் சாமிநாத பிள்ளை கட்டி முடித்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை வைத்துக்கொண்டே புதிய கட்டடங்களை எழுப்புவதென்பது அத்திட்டம். எழும்பூரில் செய்யத் தகுந்ததை, அதைவிட அரை நூற்றாண்டு மூத்த ராயபுரத்தில் செய்ய முடியாதென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இன்றைய அதிகாரியின் நல்லெண்ணம் நாளைய அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. 2023-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 6-ந் தேதி ஒரே நாளில் தேசமெங்கும் 508 ஸ்டேஷன்களைப் புதுப்பிக்க அஸ்திவாரமிட்டார்கள். இவ்வளவு பெரிய வேலை இவ்வளவு விரைவாக நடக்கும்போது, சிறிய ஊர்களில் உள்ள நல்ல பழைய கட்டடங்கள் எத்தனை, ஒருவர் காதிலும் விழாமல் தரைமட்டமாகக் கூடும்? ராயபுரத்துக்காகப் பேசவாவது சென்னையில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

ஆகையால் நாம் கோருவது இது. எந்தப் பழைய ஸ்டேஷனையும் இடிப்பதற்கோ உருமாற்றுவதற்கோ முன்னால், அதன் வரைபடமும் புதுத் திட்டமும் அவ்வூர் மொழியில் பிரசுரிக்கப்பட வேண்டும். அவ்வூர் ஜனங்களின் கருத்தைப் பகிரங்கமாகக் கேட்க வேண்டும். ரயில்வேக்குக் கட்டுப்படாத நிபுணர் குழு ஒன்று அறிக்கை தர வேண்டும். அதன் யோசனையை நிராகரிப்பதானால் நிர்வாகம் காரணத்தை எழுத்தில் கூற வேண்டும். ரயில்வே சட்டத்தின் 11-வது பிரிவில் இதற்கேற்ற திருத்தத்தைப் பார்லிமெண்டு செய்வது கடினமான காரியமல்ல. தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் கட்சி வித்தியாசம் பாராமல் இதற்கு முயல வேண்டும்.

ராயபுரத்தைப் பொறுத்தவரையில் மற்றொரு விஷயமும் கூற வேண்டும். கட்டடத்தைக் காப்பது என்றால் பூட்டி வைப்பது என்று அர்த்தமல்ல. ஆள் நடமாட்டமில்லாத கட்டடத்தை அரச மரமும் மழை நீருமே இடித்துவிடும். டிக்கெட் கொடுப்பதும் பிரயாணிகள் காத்திருப்பதும் அக்கூடத்திலேயே நடக்கட்டும். செப்பனிடும்போது செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவரின்மேல் சிமெண்டை அப்பக் கூடாது. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை வெளியேற விடாமல் உள்ளேயே அடைத்துச் சுவரை அரித்துவிடும் என்பது அனுபவமுள்ள கொத்தனார்களுக்குத் தெரிந்த விஷயம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளை அமர்த்தினால் செலவு சிறிது கூடலாம். புதிய முனையத்துக்கு ஆகும் செலவில் அது ஒரு சிறு பகுதியாகத்தான் இருக்கும்.

இறுதியாக வடசென்னைச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. முனையம் வேண்டுமானால் கட்டடத்தைக் கைவிடுங்கள் என்று யாரேனும் உங்களிடம் வந்து பேரம் பேசினால், அந்தப் பேரத்துக்கு இணங்காதீர்கள். தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் உங்கள் பேட்டையிலிருந்து புறப்பட்டது. அதன்பின் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக உங்களை விட்டு வேறிடங்களுக்குப் போயின. இப்பொழுது அவற்றைத் திரும்பக் கேட்கும்போது உங்கள் கையிலுள்ள சிறந்த ஆதாரப் பத்திரம் அந்தப் பழைய கட்டடமே. வழக்கு நடக்கும்போது தன் பத்திரத்தைத் தானே கிழித்துப் போடுபவன் உண்டா? இரண்டையும் கேளுங்கள். இரண்டையும் பெற உங்களுக்கு உரிமை உண்டு.